இரண்டு டப்பா களிம்பும் ஐயாற்று மீன்களும்

சேலத்திலிருந்து சேந்தமங்கலம் போகும் கரி பஸ் காலை ஆறு மணிக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. எழுதியவருக்கு யுத்தம் வரப்போவதும் பெட்ரோல் அதற்குப் போய்விடுவதும் தெரியாது. பின்புறத்து அடுப்பில் கரியைக் கொட்டி, கிளீனர் கை வலிக்க விசிறியைச் சுற்றி, வாயு பிடித்து வண்டி உறுமியபோது மணி ஏழரை. டிக்கெட் ஆளுக்குப் பத்தணா. காத்திருந்ததற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

அந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. என் மனைவி பார்வதியின் கைகளுக்கும் பாதங்களுக்கும் வெயில் களிம்பு பூசினேன். வெயிலில் இறங்கியபின் அவசரமாகத் தடவுவது, மழையில் நனைந்தபின் குடை வாங்குவதைப் போன்றது. தோலில் படிந்து இறுகச் சற்று நேரம் வேண்டும். அரக்கித் தேய்க்கவும் கூடாது. ஒற்றி ஒற்றி, தோல் தெரியாதபடி கனமாக வைக்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்தைக் கலக்கிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதைச் சரியாகப் போட்டுக்கொண்ட நோயாளியைப் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை.

பார்வதியின் கைகளிலும் பாதங்களிலும் வெள்ளைத் திட்டுகள் உண்டு. இது தொற்றாது, குஷ்டமும் அல்ல என்று டாக்டர் சொன்னார். எங்கள் தெரு அந்த டாக்டரைக் கலந்தாலோசிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் அவள் கையிலிருந்த ஆரத்தித் தட்டை வாங்கி, மிக மரியாதையாக, வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். அன்று உச்சி வெயிலில் நடந்தே வீடு திரும்பினாள். திட்டுகள் முழுவதும் கொப்புளம். புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதிலிருந்து விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவாள். வெயிலுக்காக என்று சொல்லிக்கொண்டோம்.

இந்தத் தை மாதம் திடீரென்று கேட்டாள். "கொல்லிமலைக் கோயில் ஆத்துல மீனுக்குப் பொரி போடணுங்க. பகல்ல போடணும். என் கையாலயே போடணும்."

வெயிலுக்குக் களிம்பு கேட்டுப் போனபோது மருந்துக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஸ்நோ என்கிற முகப்பூச்சு. ரோஜா வாசனை. வாசனைக்கு மயங்கி வெயில் திரும்பிப்போனதாக நான் படித்ததில்லை. முகப் பவுடர் முதல் வியர்வையிலேயே ராஜினாமா செய்துவிடும். தோலின்மேல் சுவர்போல் நின்று வெயிலைத் தடுக்கக்கூடியது துத்தநாக வெள்ளைப் பொடிதான். அதைக் குழைக்க வாஸ்லின் கிடைக்கவில்லை. அதுவும் யுத்தத்துக்குப் போயிருந்தது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்பு இருந்தது. "ஆட்டுக் கொழுப்பைப் பூசிக்கிட்டா கோயிலுக்கு?" என்றாள் பார்வதி. ஆகவே நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தேன். மெழுகு கொல்லிமலைச் சரக்கு.

இரண்டு டப்பா செய்தேன். ஒன்று வெறும் வெள்ளை. மற்றதில் காவிக்கல்லை இழைத்து, அவளுடைய மாநிறத்துக்கு ஒத்து வரும்வரை சேர்த்தேன். காப்பதில் இரண்டும் ஒன்றுதான். காவி டப்பா கூடுதலாக மறைக்கவும் மறைக்கும். பார்வதி யோசிக்காமல் காவியை எடுத்துக்கொண்டாள்.

சேந்தமங்கலத்தில் இறங்கி, ஒரு ரூபாய்க்கு மாட்டுவண்டி பேசிக் காளப்பநாயக்கன்பட்டி வழியாக மலையடிவாரம் சேர்ந்தோம். மூட்டை தூக்கவும் வழி காட்டவும் பெரியானும் அவர் மனைவி காளியம்மாவும் காத்திருந்தார்கள். மலைமேல் எடப்புளி நாட்டில் சாமை விதைக்கிறவர்கள். மிளகு விற்க இறங்கி வந்திருந்தார்கள்; திரும்பும்போது எங்களோடு ஏறினார்கள்.

மலை ஏறுவது என்றால் என் மூட்டுகள் ஆட்சேபணை மனு கொடுக்கும். இந்த மலையிடம் அவை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஒவ்வொரு வளைவிலும் கீழே வயல்கள் சிறுத்துக்கொண்டே போயின. ஏரிகள் சில்லறைக் காசுகள் போல மின்னின. மேலே பலா மரங்களைத் தழுவிக்கொண்டு மிளகுக் கொடி. எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கூடவே வந்தது. நடுவழியில் மேகம் வந்து எங்களை மூடியது. நான் டப்பாவைத் திறந்தேன்.

"மப்பா கெடக்குதுங்களே சாமி, வெயிலே காணோமே" என்றார் பெரியான்.

"காத்து குளிருதே தவிர வெயில் எங்கேயும் போகலை. மேகத்துக்குள்ள புகுந்து வரும். உயர ஏற ஏற அதுக்குப் பலம் அதிகம்."

"ஏனுங்க சாமி, நானும் அடிவாரத்துல இருந்து பாக்கறேன்" என்றாள் காளியம்மா. "வேர்க்க வேர்க்கப் பூசிக்கிட்டே வாரீங்க. அம்மா என்ன, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கற சொவரா?"

பார்வதி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. ஆனால் மாலையில் அவர்கள் வீட்டை அடைந்ததும், கொல்லைப்புறம் தனியே போய்க் களிம்பைக் கழுவி, கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வந்து, விளக்குக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ஆஸ்பத்திரிச் சோற்றுக்குப் பழகிய எனக்கு அது மூன்று முறை பரிமாறப்பட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் கோயில் சேர்ந்தோம். சுவாமியைத் தரிசித்துவிட்டு ஐயாற்றங்கரைக்கு வந்தால், மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. தண்ணீர் கண்ணாடி. கருத்த முதுகோடு மீன்கள் மனிதர்களைத் தேடிக் கரைக்கே வருகின்றன. சாமி மீன் என்பதால் இங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. கரை முழுக்கப் பெண்கள். பார்வதி பொரி மடியோடு குனிந்தாள்.

"அம்மா, இருங்க" என்றார் பெரியான் சங்கடத்தோடு. "எண்ணெய் பூசுன கையை ஆத்துல விடக் கூடாதுங்க. மீனுக்கு ஆவாது. கழுவிட்டுத்தான் போடோணும்."

காளியம்மா அதற்குள் எண்ணெய்ப் பிசுக்குப் போக அரப்புப் பொடியைக் குழைத்துவிட்டாள். என் நடைமுறைகளில் இதற்கு இடம் இருக்கவில்லை. வெயில் நேர் உச்சியில் நின்றது. "சாயங்காலம் வெயில் தணிஞ்சதும் வரலாம்" என்றேன். வீட்டில் இத்தனை காலம் சொல்லிக்கொண்டதும் இதைத்தான்; எனக்கே பிடிக்கவில்லை.

பார்வதி கரையிலிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "குடையைப் பிடிங்க" என்றாள்.

சற்றுத் தள்ளிப் பாறைமேல் உட்கார்ந்து தேய்த்துக் கழுவினாள். காவி கரைந்து போயிற்று. திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊற்றிக்கொண்டிருந்த காளியம்மாவின் சொம்பு நின்றுவிட்டது.

"இது என்னங்கம்மா?"

"தோல் வெளுத்துப் போச்சு."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. வெயில் பட்டா வெந்துரும். அவ்வளவுதான்."

காளியம்மா சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு கணவனைப் பார்த்துக் கத்தினாள். "என்ன நின்னு வேடிக்கை பாக்கறே? கம்பளியைக் கொண்டா! சாமி புடிக்கற கொடைக்கு அந்தப் பக்கத்து வெயிலை யாரு மறிப்பா?"

பெரியான் கம்பளியை உதறி ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் காளியம்மா பிடித்தாள். அந்த நிழலில், உச்சிப் பகலில், என் மனைவி இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டாள். மீன்கள் வந்து மோதின. கறுத்த இடம், வெளுத்த இடம் என்று பார்க்காமல் எல்லா விரலிலும் கொத்தின. தண்ணீரிலிருந்து தெறித்து வரும் வெளிச்சமும் சுடும் என்பது எனக்குத் தெரியும். "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா கிட்டயே எல்லாம் போவுது, எனக்கு ஒண்ணுகூட வரமாட்டேங்குது" என்று நொடித்தாள். கரையில் எழுந்த ஒரே புகார் அதுதான். பொரி தீர்ந்த பிறகே பார்வதி கையை எடுத்தாள்.

ஈரத்தை ஒற்றி எடுத்தேன். கழுவினால் மறுபடியும் பூசவேண்டும்; இதில் சலுகை கிடையாது. காவி டப்பாவைத் திறந்தேன்.

"வெள்ளையைக் குடுங்க" என்றாள்.

"பளிச்சுன்னு தெரியுமே."

"தெரியட்டும்."

வெள்ளைக் களிம்பு பூசியதும் அவள் கை முழுவதும், இத்தனை காலத்துக்குப் பிறகு, ஒரே நிறமாக இருந்தது. மாலையில் விளக்கடியில் அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தேன். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. எரிந்தது என் வழுக்கையும் பிடரியும்தான். குடை முழுவதையும் அவளுக்குப் பிடித்திருக்கிறேன். எனக்குப் பூசிக்கொள்ளவேண்டும் என்பது எந்த நடைமுறையிலும் வரவில்லை.

மூன்றாம் நாள் இறங்கினோம். அடிவாரத்தில் காளியம்மா ஒரு பலாப்பழத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, "அடுத்த தைக்கு வரோணும், கம்பளி நான் கொண்டாரேன்" என்றாள். மலையைத் திரும்பிப் பார்த்தபோது மேகம் அதை மூடிக்கொண்டிருந்தது. வந்த வேலை முடிந்தது, போங்கள் என்பதுபோல. பஸ்ஸில் பார்வதி வெள்ளை டப்பாவைத் திறந்து என் பிடரியில் ஒற்றினாள். "காதுக்குப் பின்னால விட்டுட்டீங்கன்னா அங்கதான் முதல்ல வேகும். நீங்க சொன்னதுதான்."

சேலத்தில் இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. வெளியூர் போய்ப் பகலில் வந்து இறங்க நேர்ந்தால், நாங்கள் பஸ் நிறுத்தக் கடை ஒன்றில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை காபி குடிப்பது வழக்கம். கடைக்காரருக்கு எங்கள்மேல் நல்ல அபிப்பிராயம் உண்டு. நான் பழக்கப்படி அந்தப் பக்கம் திரும்பினேன். பார்வதி நிற்கவில்லை. சுண்ணாம்பு அடித்தாற்போன்ற கைகளை வீசிக்கொண்டு, திறந்த கதவுகளும் அவற்றில் சாய்ந்த முகங்களுமாக இருந்த எங்கள் தெருவுக்குள் நடந்தாள். பலாப்பழத்தோடு ஓடிப்போய், குடை பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"உங்க தலைக்குப் பிடிச்சுக்குங்க" என்றாள்.