படிக்காமல் போட்ட கையெழுத்து

காக்களூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். போன வருடம் எங்கள் ஊர் கிராமசபைக் கூட்டத்தில், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஓடினேன். சில மாதங்களில் ஊர் முகப்பில் பளபளவென்று அலங்கார வளைவு எழும்பியது. பக்கத்தில் திறந்து கிடந்த கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடி மட்டும் வரவில்லை.

ஒரு மழைநாளில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். எனக்கு முன்னால் நடந்த தோழி மேரி சட்டென்று கால்வாய்க்குள் போய்விட்டாள். பின்னல் கைக்குச் சிக்கியதால் இழுத்துப் போட்டேன். "கொஞ்சம் வுட்டிருந்தா போய்ச் சேந்திருப்பேன்டி" என்று நடுங்கினாள்.

ஆத்திரத்தோடு ஊராட்சி அலுவலகம் போனேன். எழுத்தர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "இன்னாத்துக்கும்மா கத்திக்கினு கீறே? வளைவு கட்டலாம்னு நீயும்தானே கையெழுத்து போட்டுக்கீறே?"

குனிந்து பார்த்தேன்; தீர்மானத்துக்குக் கீழே என் கையெழுத்தேதான்.

இப்போது கூட்டத்தன்று அரைநாள் லீவு போட்டு, தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, நம் வரிப்பணம் எதற்குப் போகிறதென்று கேட்கிறேன். மூடி இன்னும் வரவில்லை. மேகம் கறுத்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை.