மாமாவின் நகரத்தில் போட்ட ரோடு

போன வாரம் என் மகள் கைபேசியில் ஒரு நகரம் கட்டிக்கொண்டிருந்தாள். ரோடு வரவேண்டிய இடத்தில் நின்ற வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். புழுதி எழுந்தது, வீடு இல்லை. “ஏம்மா, அப்படிப் பாக்குறே?” என்றாள். நானும் இதை ஆடியிருக்கிறேன் என்றேன்.

எனக்கு அப்போது பத்து வயது. திருப்பதியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த மாமா, அரையாண்டுப் பரீட்சை லீவில் இதே மாதிரி ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். நான் வீடுகளின் மேலேயே ரோடு போட்டு, கஜானாவைக் காலி செய்தேன்.

“அடிப்பாவி, ஊட்ட இடிச்சா செலவு ஜாஸ்தி. பக்கத்துல காலி நெலம் கீது பாரு, அதுல போடு.”

அதை மனப்பாடம் செய்துகொண்டு நாராயணவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். அந்த வாரமே ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்க வந்தார்கள். ரோட்டின் ஒரு பக்கம் எங்கள் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடுகள். எதிர்ப்பக்கம் மாந்தோப்பு. தோப்புக்காரர் சர்வேயருக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு நிழலில் நின்றிருந்தார். என் அப்பா, நைனா, அந்தத் தோப்பில்தான் கூலிக்குப் போவார். பட்டா காகிதத்தை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரோடு வெயிலில் நின்றார்.

சர்வேயர் டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்தார். பெருமையாக இழுத்துப் பிடித்தேன். எங்கள் சமையல்கட்டைத் தாண்டிப் போய் நின்றது டேப். அங்கே சுவரில் சிவப்புக் கோடு போட்டார்கள். அப்போதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தார்.

“சார், ஊட்ட இடிச்சா செலவு ஜாஸ்தி. எதிர்ல ஊடே இல்ல, காலியாதானே கீது, அங்க போடுங்க.”

சர்வேயர் இளநீரைக் குடிப்பதை நிறுத்தினார். தோப்புக்காரர் சிரித்தார்.

“இன்னாப்பா, உன் பொண்ணு இஞ்சினீருக்குப் படிச்சிக்கினு கீதா?”

நைனா துண்டை இடுப்புக்கு இறக்கினார். “கொயந்தைங்க. தெரியாம பேசுது. மனசுல வெச்சிக்காதீங்க” என்றார். என் தோளில் அவர் விரல்கள் பதிந்தன. எதிரில் காலியாகத்தானே இருக்கிறது என்று அன்று காலை அம்மாவிடம் சொன்னவரே அவர்தான்.

வீடு பாதியாகிப்போனது. அந்த வருடம் மாங்காய் பறிக்க நைனாவைக் கூப்பிடவில்லை.

விளையாட்டின் விதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த லீவில் மாமாவிடம் போனதும் முதல் வேலையாக அதைச் சரிபார்த்தேன். காலி நிலம்தான் மலிவு. நான் சொன்னது சரி. பிறகு நைனா எதற்கு மன்னிப்புக் கேட்டார்?

வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் நகரத்தில் எந்த நிலத்துக்கும் சொந்தக்காரர் இல்லை என்பது மட்டும் கண்ணில் படவில்லை.