பனங்கட்டியும் என் சினமும்

என் சினத்தை இனிப் பொறுக்க இயலாது என்று மனைவி அறிவித்தபோது எங்களுக்கு மணமாகி நாற்பத்தோராண்டு நிறைந்திருந்தது. இவ்வளவு காலந்தாழ்த்தியது ஏன் என்று வினவினேன். அதையும் உரத்த குரலிலேயே வினவிவிட்டேன்.

"ஒரு மாசம் பாப்பன். இப்பிடியே கத்திக் குளறிக்கொண்டிருந்தியளெண்டால் நான் பகேரியாவுக்குப் பஸ் ஏறுறன், மகளோட இருக்க. நீங்கள் இஞ்சை உங்கட தமிழ் அகராதியோட குடும்பம் நடத்துங்கோ."

பூசலுக்கு வித்து ஒரு கத்தரிக்காய். அன்று காலை, நாங்கள் குடியேறிய சிசிலித் தீவின் வுச்சீரியாச் சந்தையில் அதற்குரிய இத்தாலியச் சொல் என் நினைவிலிருந்து நழுவிவிட்டது. விரலால் சுட்டியிருக்கலாம். மாறாக, விற்பவரைச் செந்தமிழில் கண்டித்தேன். அவர் சிசிலிய மொழியில் என்னைக் கண்டித்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமையால் எங்களிருவர்க்கும் மனக்குறை இல்லை. பையுடன் அருகே நின்ற மனைவிக்குத்தான் இரண்டும் விளங்கின.

மறதியும் சினமும் முதுமையின் உடைமைகள் என்பது என் கொள்கை. அவள் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். இருபது ஆண்டுகள் சிஞ்ஞோராக்கள் எனப்படும் இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் வேலை செய்தவளாதலால் மொழிபெயர்ப்பும் அவளுடையதே. இனிப்பு மிகுந்தால் குருதியில் சருக்கரை விரைந்தேறி விரைந்திறங்கும். இறங்கும்போது சிலருக்கு எரிச்சலும் சோர்வும் மனமந்தமும் தோன்றலாம். ஒரு திங்கள் இனிப்பை விட்டுப் பாருங்கள் என்றார் அவர்.

அன்றே கனோலி என்னும் இவ்வூர் இனிப்பைத் துறந்தேன். தேநீரிற் சீனியைத் துறந்தேன். வெறுந்தேநீரை எம்மூர் வழக்கப்படி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பருகினேன். நாளொன்றுக்கு ஆறு கோப்பை. பனங்கட்டியை உடைத்துத் தந்தவள் மனைவியே. அது உடம்புக்கு நல்லது என்பதில் மட்டும் எங்களுக்குள் என்றுமே கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

என் சினமோ நாள்தோறும் வளர்ந்தது. திங்கள் முடிவில் மீண்டும் மருத்துவர்முன் அமர்ந்தோம்.

"இவர் ஒரு மணிச் சீனியும் தொடேல்லை," என்று இத்தாலிய மொழியில் எனக்காகச் சான்றுரைத்த மனைவி, எங்கள் நோன்பின் தூய்மையை நிறுவக் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவரிடமே நீட்டினாள். அவர் வாயிலிட்டார்; கண்களை மூடினார்; ஏதோ சொன்னார். மனைவி கைப்பையை மூடினாள்.

"என்ன சொல்கிறார்?"

"சீனியாம்."

மருத்துவர் தொடர்ந்தார். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"எல்லாக் கோபத்துக்கும் சீனியில பழி போடேலாதாம். இதையும் விட்டாப் பிறகு மிஞ்சிறது உங்கட சொந்தக் கோபமாம். அதுக்கு மருந்தில்லையாம்."

"கடைசி வாக்கியம் அவர் சொன்னதா, உன்னுடையதா?"

"நான் மொழிபெயர்க்கிறன். பேசாம இருங்கோ."

குற்றத்திற் பாதி தன்னுடையது என்பதால் இன்னுமொரு திங்கள் தவணை தந்தாள். முதற்கிழமை தலைவலியிற் கழிந்தது. பனங்கட்டியைக் கனவிலுங் கண்டேன். பின்னர் உறக்கம் சீரடைந்தது. கத்தரிக்காயின் பெயரும் தானே மீண்டது.

தவணை முடிந்த நாளில் அவள் மகளுடன் தொலைபேசியிற் கதைத்தது அடுக்களையிலிருந்து கேட்டது. மூச்சடக்கி நின்றேன்.

"ஓம் பிள்ளை, குறைஞ்சிருக்கு. முந்தி நாளைக்குப் பத்துத் தரம் குளறினவர், இப்ப ரண்டு தரம். இல்லை, நான் வரேல்லை. அந்த ரண்டும் அவரின்ர சொந்தக் கோபம். அதோடதானே நான் கலியாணம் கட்டினனான்."