மருதமரத்தில் தொங்கிய தண்டவாளம்

பேய், பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். நம்பினால் நம்புங்கள் பிள்ளை, வெருகல் துறையில் பதினெட்டு வருடம் பாதை இழுத்தவன், வெள்ளத்தில் வந்த பிணத்தைக் கையால் பிடித்துக் கரை சேர்த்தவன், எனக்குச் சுடலையும் ஒன்றுதான், சந்தையும் ஒன்றுதான். நீங்கள் அரசாங்கக் கந்தோரிலிருந்து துறைகளின் வரலாறு எழுத வந்திருக்கிறீர்கள். இதை எழுதுவீர்களோ தெரியாது, கேட்டுவிட்டாவது போங்கள்.

கிண்ணியா தொடங்கி வெருகல் வரை அப்போது எத்தனை துறை! எல்லாவற்றிலும் பாதைதான், அதாவது இரும்பு மிதவைக்கு மேல் பலகை அடித்தது, பஸ்ஸே ஏறும், ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து நாங்கள் இழுப்போம். எங்கள் அக்கரையில் மருதமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதில் ஒரு அடி அடித்தால் ஆள் நிற்கிறது என்று கருத்து, இக்கரையில் பாதை நிறைந்த பிறகு போவோம். மூன்று அடி என்றால் வருத்தக்காரர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆள், வெறும் பாதையோடு உடனே போகவேண்டும்.

என் மனிசி பாக்கியம் அக்கரையில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று பின்னேரம் கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிகிறது, அக்கரையில் நிற்பது ஆரென்றும் தெரியவில்லை, ஒரு அடி கேட்டது. என்னோடு பாதை இழுக்கிற சின்னத்தம்பி உடனே எழும்பிவிட்டான்.

"அண்ணே, போவமே?"

"ஒண்டுதானே அடிச்சது. பஸ் வரட்டும்."

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கம்பியில் வைத்த கையை எடுத்தான். பஸ் வர அரை மணித்தியாலம் ஆனது, நான் தேத்தண்ணி குடித்தேன். பாதை அக்கரையில் முட்டியபோது பாக்கியம் மரத்தில் சாய்ந்து நெஞ்சைப் பொத்தியபடி இருந்தாள். உயிர் இல்லை.

செத்தவீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான். பாதைக்காரன் பெண்சாதி சலுகை எடுக்கிறாள் என்று ஊர் கதைக்குமென்று வெட்கப்பட்டு ஒரு அடியோடு நிறுத்திவிட்டாள், அந்த வெட்கம்தான் அவளைக் கொன்றது என்றேன். எனக்கு அவள்மேல் பொல்லாத கோபம். பிள்ளைகளும் இல்லை, அந்தக் கோபத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தனியே சமைத்துத் தனியே தின்றேன்.

பிறகு பாலம் வந்தது, பாதையைக் கொண்டுபோனார்கள், தண்டவாளத்தையும் யாரோ பழைய இரும்புக்குக் கழற்றிவிட்டார்கள். அதைக் கட்டியிருந்த கம்பி மட்டும் கிளையில் மிச்சம். போன வருடம் ஒரு பின்னேரம் பழைய துறையடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன், டங் என்று ஒரு அடி. பதினெட்டு வருடம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, பழக்கதோஷம், நான் முதலில் திரும்பிப் பார்த்தது பஸ் வருகிறதா என்றுதான். பிறகுதான் அங்கே தண்டவாளமே இல்லையே என்று உறைத்தது. தூண்டிலை எறிந்துவிட்டுப் பாலத்தால் ஓடினேன்.

மரத்தடியில் ஒருவரும் இல்லை. காற்று விழுந்து போயிருந்தது, ஒரு இலைகூட ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வெறுங்கம்பி ஒருதரம் உதறியது, டங். திரும்பவும் உதறியது, சத்தம் இல்லை. மூன்றாந்தரமும் உதறியது, அதற்கும் சத்தம் இல்லை. எட்டிப் பிடித்தேன், என் கைக்குள் நடுங்கி நடுங்கி அடங்கியது.

காதில் கோளாறோ என்று டாக்குத்தரிடம் காட்டினேன், ஒரு குறையும் இல்லையாம். அடித்தது மூன்று, எனக்குக் கேட்டது ஒன்று. அப்படியென்றால் அன்றைக்கு அவள் எத்தனை அடித்தாள்?

சின்னத்தம்பி இப்போது திருகோணமலைக்கு அப்பால் இறக்கக்கண்டியில் மகளோடு இருக்கிறான். திருகோணமலை பஸ் என் வாசலால்தான் போகிறது, நான் ஒருநாளும் ஏறவில்லை. அடுத்த கிழமை நீங்கள் அவனையும் கண்டு கதைக்கப் போகிறீர்களாம். துறையைப் பற்றி என்னவென்றாலும் கேளுங்கள் பிள்ளை. அன்று அவனுக்கு எத்தனை அடி கேட்டது என்று மட்டும் கேட்காதீர்கள்.