பாப்பா தோளில் மூன்று விரல்கள்

15 நவம்பர், வெள்ளி. சேக்காடு.

முதலில் என் தப்பை எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில், கஸ்டமர் கொடுத்த போட்டோவுக்கு நகல் எடுத்து வைக்காமலே வேலையைத் தொடங்கினேன். முடித்ததும் வேறு பெயரில் சேவ் செய்யாமல் 'ஓவர்ரைட்' அழுத்திவிட்டேன். ஒரிஜினல் போய்விட்டது. கிம்ப் என்கிற போட்டோ சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் மாதத்தில் செய்கிற சின்னத் தப்புதான். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடந்திருக்காது.

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப்போவதில்லை. பகலில் அம்பத்தூர் கார்மெண்ட்ஸ் ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் என் கண்ணில் படும். அப்படியும் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும். எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். இதை மூன்று நாள் பார்த்தேன்.

சென்டர் ஒரு மாடி அறை. விஷால் நடத்துகிறான். போட்டோ வேலை இலவச சாஃப்ட்வேரில் சொல்லித் தருவான்; பக்கத்தில் பேனர், ஃப்ரேம் ஆர்டரும் எடுப்பான். "இந்த ஆர்டரை ஒழுங்கா முட்ச்சிக் குடு மேடம், சாயங்கால வேலைய உனக்கே தரேன்" என்றிருந்தான். அந்த வேலை கிடைத்தால் கார்மெண்ட்ஸை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஆர்டர் கொடுத்தவர் கஜபதி. சேக்காட்டில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். போட்டோவில் புது வீட்டு கேட் முன்னால் ஐந்து பேர்: அவர், அவர் மனைவி, தம்பி, தம்பி மனைவி, தம்பியின் மகள். தம்பி மனைவிக்குப் பச்சைப் புடவை. அவள் வலது கை பாப்பாவின் தோளில் இருந்தது.

"இந்தப் பொம்பளைய எட்த்துரு" என்றார். "தம்பிக்குப் பொண்ணு பாக்கறோம். ஞாயித்துக்கெழம பொண்ணு ஊட்டுக்காரங்க வராங்க. கூடத்துல மாட்டணும்."

"இவங்க எங்க சார்?"

"செத்துப்பூட்டா."

இறந்தவர்களுக்குத்தான் எங்கள் சென்டரில் முதல் மரியாதை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கொடுப்போம். இறந்தவரை எடுத்துவிடச் சொல்லி வந்தது இதுதான் முதல் ஆர்டர். சுவரில் இருந்த பிரிண்டை ஏற்கெனவே கிழித்தாயிற்றாம். எனக்கு அனுப்பிய கையோடு போனிலிருந்தும் அழித்தார்.

க்ளோன் டூலால் கேட் கம்பிகளை நகலெடுத்து, அவள்மேல் பூசிப் பூசி மறைத்தேன். முடிந்தது. ஓவர்ரைட். பிறகுதான் விஷால் எட்டிப் பார்த்தான்.

"மூணு வெரல வுட்டுட்ட மேடம். பாப்பா தோள்ல யாரோ தொங்கறாங்க பாரு."

சிரித்தான். நானும் சிரித்தேன். விரல்களையும் அழித்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பாவின் மஞ்சள் கவுன் சுத்தமாக இருந்தது.

புதன்கிழமை ஃபைலைத் திறந்தேன்.

மூன்று விரல்கள்.

என் தப்பாகத்தான் இருக்கும், சேவ் ஆகியிருக்காது என்று மறுபடி அழித்தேன். சேவ் செய்தேன். மூடினேன். திறந்தேன்.

மூன்று விரல்கள்... இப்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தன. கவுன் துணி சுருங்கியிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன ஆனாலும் சரி, இன்றைக்கு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தேன். கிம்ப்பில் படத்தின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர்; அதன் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மறைந்துவிடும். இந்த ஃபைலில் ஒரே லேயர்தான். அழுத்தினேன். கஜபதி மறைந்தார். எல்லாரும் மறைந்தார்கள். வெறும் சாம்பல் கட்டங்கள்.

கட்டங்களுக்கு நடுவே... அந்த மூன்று விரல்கள்.

விஷாலைக் கூப்பிட்டேன். அவன் வருவதற்குள் ஒன்றும் இல்லை.

"போய்த் தூங்கு மேடம். கண்ணு கெட்டுப்பூடும்."

நேற்று, வியாழன். நல்ல மழை. விஷால் டீ வாங்கக் கீழே போயிருந்தான். மணி 7:40. கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... அறையில் என் மானிட்டர் மட்டும் எரிந்தது.

ஃபைல் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

கேட் முன்னால் ஐந்து பேர்.

அவள் முழுதாக நின்றாள். ஆனால் பச்சைப் புடவை இல்லை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது போல மடிப்புக்கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கீழ்க்கரையில் கடை ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது. தோளில் ஒரு ஊக்கு.

பீப்... பீப்...

மவுஸைப் பிடித்தேன். அழிப்பதற்குத்தான்.

என் வலது தோளில் கனம் ஏறியது.

மூன்று விரல்கள். ஈரமாக.

திரும்பவில்லை. பாப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அது அந்தக் கைப்பக்கம் சாய்ந்திருந்தது.

மவுஸை விட்டேன்.

"அழிக்கல அக்கா" என்றேன். "யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்."

கனம் இறங்கியது.

கரண்ட் வந்தது. விஷால் டீயோடு வந்து நின்றான். மானிட்டரைப் பார்த்தான். இந்தத் தடவை அவள் மறையவில்லை. டீயைக் கீழே வைத்தான். பிறகு, "சாவித்திரி அக்காடி..." என்றான். உள்ளூர்க்காரன், அவளைத் தெரிந்தவன். முதல் முறையாக என்னை மேடம் என்று சொல்லவில்லை.

இன்று காலை கஜபதி போன் செய்தார்.

"படம் ரெடியா?"

"ரெடி சார். அவங்களும் இருக்காங்க."

"எடுக்கச் சொன்னேனே?"

"எடுக்க மாட்டேன்."

"வேலைக்கு வந்தவ மாதிரி பேசு."

"அதனாலதான் சொல்றேன். இது என் வேலை. அந்தப் பாப்பாவோட அம்மா அந்தப் படத்துல இருப்பாங்க."

வைத்துவிட்டார். விஷாலிடமும் கத்தினாராம். எனக்குச் சாயங்கால வேலை இனி கிடைக்குமா, தெரியாது. விஷால் மட்டும் ஒரு காரியம் செய்தான். சாவித்திரியின் அண்ணன் வரதனுக்குத் தகவல் சொல்லிவிட்டான். திருநின்றவூர் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

அவர் சாயங்காலம் வந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மானிட்டர் முன்னால் நின்றார்.

"இந்தப் பொடவ... இத எங்கம்மா பாத்த?"

"தெரியாதுண்ணே. படத்துல வந்துச்சு."

"பொறந்த ஊட்டுக் கோடிம்மா இது. அவ செத்தன்னிக்கு நான் வாங்கினது. ஸ்டிக்கர் கிழிக்கக்கூட நேரமில்ல. காய்ச்சல்னாங்க, போயிட்டான்னாங்க. நான் கோடிய எட்த்துகினு வரதுக்குள்ள எட்த்துட்டாங்க. வாசல கழுவி வுட்டுகினு இருந்தாங்க. என் தங்கச்சிமேல இத போத்தவே இல்ல நானு."

"இப்ப அந்தப் புடவை?"

"ஊட்ல கீது. பையோட பீரோ மேல. பிரிக்கல. எரிக்கவும் மனசு வரல."

மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் மனைவி வடிவு பேசினார். நாற்காலி இழுக்கும் சத்தம். பை சரசரக்கும் சத்தம்.

"பொடவ கீதா வடிவு?"

"கீதுங்க." குரல் சின்னதாகிவிட்டது. "யாருங்க இத கட்னது?"

"யாரு கட்டுவா?"

"மடிப்பெல்லாம் கலஞ்சி கீது. தோள்பட்டைல ஊக்கு குத்தின ஓட்ட கீது... கீழ நனஞ்சி கீதுங்க."

வரதன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு விளக்கம் தெரியாது. யாராவது விளக்கம் சொன்னாலும் கேட்கப்போவதில்லை. மூன்று நகல் எடுத்துவிட்டேன். ஒன்று என் பென் டிரைவில், ஒன்று வரதன் அண்ணன் போனில், ஒன்று விஷாலிடம்.

நாளைக்கு வேலை: பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் பிரிண்ட். கண்ணாடி ஃப்ரேம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கஜபதி வீட்டுக்கு நானே கொண்டுபோய், அந்தப் பாப்பாவின் கையில் கொடுக்க வேண்டும்.