கம்பெனி மண்

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்த அவர் தங்கை, எங்கள் மகள், டிராக்டர்காரர். கோழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டுப் பெட்டை, ஒரு சேவல். மண்ணைக் கொட்டியதும் முதலில் ஓடிவந்தவை அவைதான்.

புதுவாயலுக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பள்ளமான இடம். மழை பெய்தால் கூண்டுக்கு அடியில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். மேடாக்க ஏரி மண் கேட்டால் விலை கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் டிராக்டர்காரர் வந்தார்.

"கம்பெனி மண்ணு, அக்கா. கொட்டிட்டீங்கன்னா தண்ணி நிக்காது, புல்லு மொளைக்காது, பூச்சி பொட்டு வராது."

"புல்லு ஏன் மொளைக்காது?" என்று கேட்டேன். ஏழாவதோடு நின்றவள் நான். ஆனாலும் அந்தக் கேள்வி தானாக வந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "இவளுக்கு மொளைச்சாலும் பயம், மொளைக்காட்டியும் பயம். நீ கொட்டு நைனா."

ஐந்நூறு பேசி முந்நூறு கொடுத்தோம். மீதியை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்று வண்டியைத் திருப்பினார். எந்தக் கம்பெனி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சாம்பல், கருந்தூள், கசடு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், கம்பெனி மண்.

கோழிகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. வெயில் ஏறியதும் குழி பறித்துப் படுத்து, சிறகுக்குள் மண்ணை வாரிப் போட்டுக் குளிக்கும். சேவல் மட்டும் ஓரமாக நின்று பார்க்கும்.

"பாருங்கண்ணி, எங்க ஊட்டுக்காரு மாதிரியே நிக்குது" என்பாள் நாத்தனார். மாமனார் மாமியார் போய்விட்டதால் அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான். முதல் கரு கலைந்துபோய், இது இரண்டாவது. ஒல்லியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவளே கூண்டுக்குள் கைவிட்டு எடுப்பாள். சூடு ஆறாத முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். கடை முட்டையின் கரு வெளிறி இருக்கும். எங்கள் முட்டையை உடைத்தால் கரு செக்கச்செவேலென்று குண்டாக நிற்கும். அதைப் பார்க்க நாங்கள் எல்லாரும் அடுப்படிக்கு வருவோம்.

"எனக்கும் ஒண்ணும்மா" என்று மகள் காலைக் கட்டிக்கொள்வாள்.

"அத்தை வயித்துல கீற பாப்பா பெருசாவட்டும். அப்பறம் உனக்குத்தான்."

மீதி முட்டைகளையும் நாத்தனாருக்கே எடுத்துவைத்தோம். நாங்கள் யாரும் தொடவில்லை.

சில வாரத்தில் ஓடு மெலிந்தது. பிறகு ஓடே இல்லாமல் தோல் முட்டை வந்தது. ஒரு பெட்டை சிறகைத் தொங்கப்போட்டு, பச்சையாகக் கழிந்துகொண்டு நின்றது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டினேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. "கோழிக்கும் பேஜாரா உனக்கு?" என்று அவர் திட்டினார். மறுநாள் அது கழுத்தைத் தூக்கவே இல்லை.

"சாவறதுக்குள்ள அறுத்துடு. கொழம்பாவது ஆவும்" என்றார்.

அறுத்தேன். இரைப்பையைப் பிளந்தபோது கல்லுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக ஏதோ இருந்தது. அருவாமனையில் பட்டதும் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய இடம் மினுங்கியது. அவரைக் கூப்பிட்டேன். ரோலிங் மில்லில் இரும்போடு கிடப்பவர். ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகத்தின் தடம் அப்படியே பதிந்தது.

"இது ஈயம்" என்றார். "பேட்டரி உருக்கற ஷெட்டு மண்ணு. வெஷம்."

கோழிக்குத் தீனி அரைக்கக் கல் வேண்டும். அது பொறுக்கியது. அவ்வளவுதான். நாத்தனார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கை வயிற்றின்மேல் இருந்தது.

"அப்ப முட்டைண்ணா?" என்றாள்.

அவர் இரைப்பையை அப்படியே காகிதத்தில் சுற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதற்கான ரத்தப் பரிசோதனை இங்கே கிடையாது, இனிமேல் அந்த முட்டையைக் கொடுக்காதீர்கள் என்றார். இனிமேல் கொடுக்க முட்டையும் இல்லை. ஒவ்வொன்றாக எல்லாக் கோழியும் போயின. கடைசியாகச் சேவல்.

குழந்தை குறித்த நாளுக்கு முன்பே பிறந்தது. ஆண். ஒரு கைக்குள் அடங்கினான். அழ நேரமானது. இப்போது காக்களூரில், அவன் அப்பா வீட்டில் இருக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஓடுகின்றன. இவனுக்கு உட்காரவைத்தால் தலை சாய்கிறது. முட்டையால்தானா என்று கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார்கள். முட்டை கேட்டு அழுது, கிடைக்காத என் மகள் நன்றாக இருக்கிறாள். நாத்தனார் அவளைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுகிறேன்.

மண்ணை வாரி மூட்டை கட்டினோம். கொட்ட இடம் தெரியவில்லை. எங்கே கொட்டினாலும் அங்கேயும் யாராவது கோழி வைத்திருப்பார்கள். பின்சுவரை ஒட்டி அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறோம். மழை வந்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

டிராக்டர்காரர் திரும்பி வரவே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும் வெளியே வருகிறோம். வந்தால் என் வீட்டுக்காரர் அவரை என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம்.

டிராக்டர்காரருக்குத் தரவேண்டிய இருநூறு ரூபாய் இன்னும் பாக்கி.