ரீம்ஸிலிருந்து கொல்மார்: பாலத்துக்குப் பிந்திப் போன வழி

பிரான்சில் சம்பெயின் செய்கிற ரீம்ஸ் பக்கமிருந்து வெள்ளை வைன் செய்கிற கொல்மார் பக்கம் வரை காரில் போகலாமோ, வழி வடிவோ என்று எங்கட மில்லிக்கன் தெருவில் இருக்கிற பிள்ளை ஒன்று கேட்டது. நான் தொண்ணூற்றி மூன்று ஆடியில் போய் வந்தவள். வழி வடிவுதான், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வழியை மட்டும் எழுதிப்போட்டு விட எனக்கு மனமில்லை.

அப்போது நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். மகள் வசந்தி, மருமகன், மூன்று வயதுப் பேத்தி, நான். மருமகன் வேலை செய்த இடத்தில் ஒரு கலண்டர் கொடுத்தார்கள். அதில் கொல்மார் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் படம். அதைப் பார்த்துத்தான் மனிசனுக்கு இந்த ஆசை வந்தது. மாசியிலேயே பிரான்ஸ் வரைபடம் வாங்கிச் சாப்பாட்டு மேசையில் ஒட்டிவிட்டார். ஐந்து மாதம் நாங்கள் பிரான்சுக்கு மேல் கோப்பை வைத்துச் சாப்பிட்டோம்.

அதில் இருந்த பேர்களை எனக்கு வாசிக்கத் தெரியாது. நீலக் கோடு ஆறு என்று தெரியும். கொல்மாருக்குக் கிட்ட ஒரு நீலக் கோடு ஓடியது.

"உது என்ன ஆறு தம்பி?"

"ரைன், மாமி. அங்கால ஜேர்மனி."

என் கூடப்பிறந்த தம்பி குலம் அங்காலதான் இருந்தான், அகதி விடுதியில். அவனைக் கடைசியாகக் கண்டது எண்பத்தி நாலில், ஊரில், கொடிகாமம் ஸ்ரேசனில். அவனுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. விடுதி இருக்கிற மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். ஆனால் அவனுடைய மாவட்டம் ஆற்றங்கரை வரைக்கும் வருகிறது. கொல்மாரிலிருந்து அந்தப் பாலம் 22 கிலோமீற்றர்.

எனக்கு இலங்கைப் பாஸ்போட். மகளுக்கும் மருமகனுக்கும் கனேடியப் பாஸ்போட், அவர்களுக்கு விசா தேவையில்லை. அந்தக் காலத்தில் எனக்குப் பிரான்சுக்கு ஒரு விசா, ஜேர்மனிக்கு இன்னொரு விசா. மருமகன் பிரான்ஸ் விசாவோடு நிறுத்திவிட்டார். "இன்னொருக்கா லைனில நிண்டா எனக்கு இன்னொரு நாள் வேலை போகும் மாமி. வைன் பாக்கிற இடம் எல்லாம் பிரான்சிலதானே." அதை நான் மறக்கவில்லை.

குலம்தான் ரெலிபோனில் வழி சொன்னான். "அக்கா, நீ உந்தப் பக்கம் வா, நான் இந்தப் பக்கம் வாறன். வெள்ளிக்கிழமை பன்ரண்டு மணியிலயிருந்து நிப்பன். நாலரை பஸ்ஸை விட்டா எனக்கு வேற பஸ் இல்லை. மனமிருக்கிற ஒபிசர் எண்டா நடுப்பாலம் மட்டும் விடுவான். விடாட்டி கையைக் காட்டுவம்." மருமகனும் மேசையில் விரலால் அளந்து பார்த்துச் சொன்னார்: "ஒன்பதுக்கு வெளிக்கிட்டா ரெண்டு மணிக்குப் பாலத்தில நிக்கலாம் மாமி." அந்தச் சொல்லை நம்பித்தான் நான் பேத்தியைப் பார்க்கிற ஆளாக விமானம் ஏறினேன்.

ரொறன்ரோவிலிருந்து பாரிசுக்கு ஏழரை மணித்தியாலம். விமான நிலையத்திலேயே கார் எடுத்தோம், கிழமைக்கு 1,800 பிராங். ரீம்ஸ் அங்கிருந்து 140 கிலோமீற்றர்தான். மருமகனின் பள்ளிச் சிநேகிதர் ஒருவர் அங்கே இருந்தார், அவர் வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். நல்ல மனிசர், அவரில் எனக்குக் கோபமில்லை. சமையல் மட்டும் உப்புக் கட்டை.

வெள்ளிக்கிழமை நான் அஞ்சு மணிக்கே எழும்பிக் குளித்துச் சீலை உடுத்துவிட்டேன். எட்டரைக்குச் சிநேகிதர், "மச்சான், நிலத்துக்குக் கீழ போத்தில் அடுக்கின சுரங்கம் ஒண்டு இருக்கு, அரை மணித்தியாலம், பாத்திட்டுப் போ" என்றார். ஆம்பிளையள் இரண்டு பேரும் போனார்கள். வரும்போது பத்து நாற்பது. நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போனேன். மருமகன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமி, வெள்ளிக்கிழமை பத்தரையிலயிருந்து பன்ரண்டு மட்டும் ராகுகாலம் எல்லோ. வெளிக்கிடக் கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

இந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. அதற்கு முதல் வருசம் மில்லிக்கனில் ஒரு வீடு பார்க்க வெளிக்கிட்டபோது நான் ராகுகாலம் என்று ஒன்றரை மணித்தியாலம் மறித்து வைத்தேன். போய்ச் சேர வேறு ஆக்கள் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அதை அந்த மனிசன் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"இண்டைக்குப் பரவாயில்லைத் தம்பி, எடுங்கோ" என்றேன்.

"உங்களுக்கு அவசரம் எண்டா ராகுவும் வழிவிடுமோ? எங்களுக்கு மட்டும்தான் மறிக்குமோ?"

"அம்மா, விடுங்கோ. சமைச்சுப்போட்டினம், சாப்பிட்டிட்டுப் போவம்" என்றாள் வசந்தி. நான் பெற்ற பிள்ளை. அதையும் நான் மறக்கவில்லை.

அப்போதே எடுத்திருந்தால் மூன்றே முக்காலுக்குப் பாலத்தில் நின்றிருக்கலாம். எடுத்தது பன்னிரண்டே கால்.

வழியைச் சொல்கிறேன். ரீம்ஸிலிருந்து மலை வழியாகக் கொல்மார் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். முதல் பாதி காசு கட்டுகிற பெரிய றோட். அந்தக் காசு மட்டும் நூறு பிராங்குக்குக் கிட்டப் போனது. இரண்டு பக்கமும் கோதுமை, அதில் பார்க்க ஒன்றுமில்லை. சென் டியே என்கிற ஊர் தாண்டினால் மலை தொடங்கும். பைன் மரங்கள், வளைந்து வளைந்து ஏறும். உச்சியில் 949 மீற்றர் என்று பலகை. அங்கே இறங்கிப் படம் எடுத்தார்கள், இருபது நிமிசம். நான் காருக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு இருபத்தஞ்சு. பேத்தி வந்து, "அம்மம்மா, ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டது. தூசி விழுந்திட்டுது என்றேன். இறக்கத்தில் பிள்ளை சத்தி எடுக்கும், பை வைத்திருங்கோ. கீழே போகப் போகத் திராட்சைத் தோட்டம் மலையில் சீப்பால் வாரி விட்டதுபோல் இருக்கும். கலண்டரில் இருந்தது அதுதான்.

பாலத்தடிக்குப் போக ஐந்து நாற்பது. அகலமான ஆறு, தண்ணி பச்சை நிறம். அக்கரையில் ஒரு குன்று, மேலே தேவாலயம். மருமகன் காரை விட்டு இறங்கவில்லை. நான் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிற்கிற சின்னக் கூண்டடிக்கு நடந்தேன். வசந்தி ஓடி வந்து இங்கிலிசில் விளங்கப்படுத்தினாள். நரைத்த மீசை வைத்த ஒபிசர். பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு கையால் பாலத்தின் நடுவைக் காட்டி ஐந்து விரலை விரித்தார்.

விட்டான். ஒரு கேள்வி கேட்காமல் விட்டான். அவன் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆறாமல் இருந்திருக்காது.

நடந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்தார். வேறு ஒருவரும் இல்லை. ஐந்து நிமிசம் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இரவு விடுதிக்கு ரெலிபோன் எடுத்தேன். "அக்கா, நாலரை மட்டும் நிண்டனான். உந்தப் பக்கம் நீலச் சட்டையோட ஒரு பொம்பிளை நிண்டவ. நீயாக்கும் எண்டு கனநேரம் கையைக் காட்டினன். அவவும் திருப்பிக் காட்டினவ" என்றான். நான் சீலை உடுத்து வந்தேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் திரும்பப் போவமோ என்று கேட்டேன். ஏழு வைன் ஊர் பார்க்க இருக்கிறது என்றார் மருமகன். குலத்துக்கும் விடுதியிலிருந்து அடுத்தடுத்த நாள் வெளியே வர ஏலாது. அந்த ஏழு ஊரைப் பற்றியும் என்னிடம் கேட்காதேங்கோ, நான் காரை விட்டு இறங்கவில்லை. அடுத்த மாசியில் அவனைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அவனை இன்னும் கண்ணால் காணவில்லை.

போகிற ஆக்களுக்குச் சொல்கிறேன். இப்போது ஒரு விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாமாம், இருந்தாலும் எடுக்க முதல் கேட்டுக்கொள்ளுங்கோ. ரீம்ஸில் தங்கினால் கணக்கை இரவே தீர்த்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விடிய வெளிக்கிடுங்கோ. மலையில் நிற்பதென்றால் திரும்பி வரும்போது நில்லுங்கோ. அங்கால உங்களுக்கு ஆள் இருந்தால் முதல் நாளே பாலத்துக்குப் போங்கோ. தோட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. காரை ஓட்டுகிறவர் ஆர் என்று பார்த்து ஏறுங்கோ, அவருக்கு உங்களில் பழைய கோபம் இருந்தால் பஸ்ஸில் போங்கோ.